விளம்பரம் விழுங்கிய வசனம்

விளம்பரம் முடிந்து நாடகம் திரும்பும்போது ஒரு வசனம் காணாமல் போயிருந்தால், நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது வைஃபை பெட்டிதான். அதை அணைத்துப் போடுவார்கள், இன்னும் வேகமான இணைப்புக்கு மாறுவார்கள், அப்போதும் வசனம் திரும்பி வராது. பெங்களூரில் வீடியோ பிளேயர் எழுதும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவு செய்யப்பட்ட ஒரு நாடகத்தில், இணைய வேகம் குறைந்தால் படம் மங்கும், அல்லது வட்டம் சுழன்றுகொண்டு நிற்கும். சொல்லிவைத்தாற்போல விளம்பரத்துக்குப் பிறகு மட்டும் காட்சி காணாமல் போனால், அது மென்பொருளின் கைவேலை.

அல்சூரில் எங்கள் கீழ்வீட்டு அம்மாள் இதை என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். "மருமகள் கதவைத் திறக்கிறாள், விளம்பரம் வருகிறது, திரும்பி வந்தால் எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது தம்பி?"

அந்த நடுவில் நடந்தது பெரும்பாலும் மென்பொருளில் எழுதாமல் விட்ட ஒரே ஒரு வரி.

இணையத்தில் நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பகுதி எச்எல்எஸ் என்ற முறையில் வருகிறது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்தது. வீடியோவைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, அவற்றின் பட்டியலை ஓர் எளிய எழுத்துக் கோப்பாக அனுப்புவதே அதன் அடிப்படை. முன்பெல்லாம் விளம்பரத்தைக் காட்ட இரண்டு வழிகள்தாம் பரவலாக இருந்தன. ஒன்று, சர்வரிலேயே விளம்பரத் துண்டுகளை நாடகத் துண்டுகளுக்கு நடுவே தைத்து அனுப்புவது. மற்றொன்று, செயலியே நாடகத்தை நிறுத்திவிட்டு வேறொரு பிளேயரில் விளம்பரத்தை ஓட்டுவது. 2021இல் ஆப்பிள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தது. நாடகத்தின் பட்டியல் கலையாமல் அப்படியே இருக்கும். 'இந்த நேரத்தில் அந்தப் பட்டியலைப் போய் ஓட்டிவிட்டு வா' என்ற குறிப்பு மட்டும் அதில் இடம்பெறும். இப்படி நுழைவதை இடைச்செருகல் என்று சொல்லலாம். ஆண்ட்ராய்டின் மீடியா3 நிரல் நூலகமும் உலாவிகளுக்கான எச்எல்எஸ்.ஜேஎஸ் நூலகமும் 2025இல் வந்த தம் 1.6 பதிப்புகளில் இதற்கு ஆதரவு தரத் தொடங்கின. ஆகவே இனி இது ஐபோன்காரர்களின் தனிப் பிரச்சினை அல்ல.

அந்தக் குறிப்பில் 'ரெஸ்யூம் ஆஃப்செட்' என்று ஒரு பண்பு உண்டு. விளம்பரம் முடிந்ததும் நாடகத்தை எங்கிருந்து தொடர வேண்டும் என்று அது சொல்லும். பூஜ்யம் என்று எழுதினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். எதுவுமே எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? அதுவும் விட்ட இடத்திலிருந்துதான் தொடரும் என்று பத்துப் பொறியாளர்களில் ஒன்பது பேர் சொல்வார்கள். ஆனால் விதி வேறு. எழுதாமல் விட்டால், விளம்பரம் எவ்வளவு நேரம் ஓடியதோ அவ்வளவு நேரத்தைத் தாண்டித்தான் நாடகம் தொடரும். 12ஆம் நிமிடத்தில் 30 வினாடி விளம்பரம் வந்தால், நாடகம் 12 நிமிடம் 30 வினாடியில் மீண்டும் தொடங்கும். மருமகள் கதவைத் திறந்ததற்கும் வீடே அழுததற்கும் இடையிலான அரை நிமிடம் அங்கேதான் போயிற்று.

விதியை எழுதியவர்கள் அறியாமல் அப்படி எழுதவில்லை. அது நேரலைக்காகச் செய்த ஏற்பாடு. கிரிக்கெட் ஆட்டத்தில் ஓவர் இடைவெளியில் டிவி விளம்பரம் ஓடுகிறது, அதன் மேல் செயலி தன் விளம்பரத்தைப் போடுகிறது. 30 வினாடிக்கு விளம்பரம் பார்த்தவர் 30 வினாடி தாண்டிப்போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஓவரின் முதல் பந்துக்கு வருவார். அங்கே யாராவது பூஜ்யம் எழுதினால் தவறு எதிர்ப்பக்கம் திரும்பும். ஒவ்வோர் இடைவேளைக்கும் பார்வையாளர் 30 வினாடி பின்தங்குவார், நான்கு இடைவேளை முடிந்தால் இரண்டு நிமிடம். சின்னசாமி மைதானத்துக்குப் பக்கத்தில் கப்பன் சாலையை ஒட்டிக் குடியிருப்பவருக்கு இதைவிடக் கொடுமை வேண்டாம். வெளியே ஊரே கூச்சலிடுகிறது, கையிலிருக்கும் போனிலோ பந்துவீச்சாளர் இன்னும் ஓடவே தொடங்கவில்லை.

நேரலைக்காக எழுதிய கருவியைப் பழைய நாடகங்களுக்கும் அப்படியே பயன்படுத்தும்போது இந்தக் கோளாறு நுழைகிறது. பிழைச்செய்தி எதுவும் வராது, செயலி செயலிழக்காது. சோதனை செய்பவர் விளம்பரம் வருகிறதா, முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பச்சைக்கொடி காட்டிவிடுவார். விளம்பரத்துக்கு முந்தைய கடைசி வசனத்தையும் பிந்தைய முதல் வசனத்தையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு நாடகத்தின் மொழி தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். இங்கே ஒரே குழு தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி எல்லாவற்றையும் கவனிக்கிறது. பல நேரங்களில் சோதிப்பவருக்குப் படம் புரியும், பேச்சு புரியாது.

இந்த ஒரு பண்புக்கு அடியில் இருப்பது பெரிய குழப்பம். இடைச்செருகல் வந்தவுடன் பிளேயருக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடத் தொடங்குகின்றன: நாடகத்தின் நேரம் ஒன்று, பார்வையாளர் உட்கார்ந்திருக்கும் நேரம் மற்றொன்று. தீபாவளி மலரில் எண்ணிடாத விளம்பரத் தாள்கள் நடுநடுவே வருமல்லவா, அதுபோலத்தான். 64ஆம் பக்கம் என்று குறித்துவைத்தால், விளம்பரத் தாளை யார் கிழித்துப் போட்டாலும் கதை அங்கேதான் இருக்கும். நாற்பதாவது தாள் என்று குறித்தால் தொலைந்தோம்.

கணக்காகப் பாருங்கள். 22 நிமிட எபிசோடில் 6ஆம் நிமிடத்தில் 40 வினாடி விளம்பரம், 14ஆம் நிமிடத்தில் 60 வினாடி விளம்பரம். நாடகத்தின் 15ஆம் நிமிடத்தில் ஒருவர் செயலியை மூடுகிறார். மொத்த ஓட்டத்தின்படி அது 16 நிமிடம் 40 வினாடி. அந்த எண்ணைச் சேமித்துவைத்தால், மறுநாள் அவருக்குக் காட்ட விளம்பரமே கிடைக்காதபோது, அவர் பார்க்காத ஒரு நிமிடம் 40 வினாடியைத் தாண்டி நாடகம் தொடங்கும். வசனத்துணை (சப்டைட்டில்), 'முன்கதையைத் தவிர்' பொத்தான், நண்பர்கள் சேர்ந்து பார்க்கும் வசதி, நேரத்தை ஒட்டிய எல்லாமே இதே பள்ளத்தில் விழும். நேரம் என்று எதைச் சேமித்தாலும் அது நாடக நேரமாக மட்டுமே இருக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மீடியா3 நூலகத்தில் உள்ள எக்ஸோபிளேயர் என்ற ஆண்ட்ராய்டு பிளேயரில் இதே குழப்பத்துக்கு இன்னொரு முகம் உண்டு. விளம்பரம் ஓடும்போது 'கரன்ட் பொசிஷன்' கேட்டால் அந்த விளம்பரத்துக்குள் இருக்கும் நேரத்தைத் தரும். 'கன்டென்ட் பொசிஷன்' கேட்டால்தான் நாடக நேரம் கிடைக்கும். விளம்பரத்தின் 15ஆவது வினாடியில் சலித்துப்போய்ச் செயலியை மூடியவருக்கு, மறுநாள் நாடகம் ஆரம்பத்தின் 15ஆவது வினாடியிலிருந்து வந்தால் காரணம் இதுதான். ஆப்பிள் 2024இல் ஐஓஎஸ் 18 உடன் ஒருங்கிணைந்த காலக்கோடு ஒன்றைக் கொடுத்தது. நாடகமும் இடைச்செருகலும் எந்தெந்த இடத்தில் எவ்வளவு நீளம் என்பதை ஒரே கோட்டில் அது காட்டும். ஓர் இடைச்செருகல் அந்தக் கோட்டில் வெறும் புள்ளியாக நிற்க வேண்டுமா, நீளமாக இடம் பிடிக்க வேண்டுமா என்பதையும் பட்டியலிலேயே சொல்லிவிடலாம். திரையில் நேரப் பட்டை வரைய அருமையான வசதி. அதிலிருந்து எண்ணை எடுத்துச் சேமிக்க மட்டும் வேண்டாம்.

அடுத்து, பட்டையை இழுப்பது. 3ஆம் நிமிடத்திலிருந்து 18ஆம் நிமிடத்துக்கு ஒருவர் இழுக்கிறார், நடுவில் இரண்டு இடைவேளைகளைத் தாண்டுகிறார். இரண்டையும் காட்டுவதா, ஒன்றையா, எதுவும் வேண்டாமா? வருவாய்ப் பிரிவினர் இரண்டையும் கேட்பார்கள். எக்ஸோபிளேயர் இயல்பாகச் செய்வது, கடைசியாகத் தாண்டிய ஒன்றை மட்டும் காட்டுவது. அதுவே நியாயம் என்பது என் கட்சி. எச்எல்எஸ்ஸில் 'ஜம்ப்' என்ற தடை, விளம்பரத்தைப் பார்க்காமல் அந்த இடத்தைத் தாண்ட விடாது. 'ஸ்கிப்' என்ற தடை, ஓடும் விளம்பரத்தை முன்னே ஓட்ட விடாது. இந்தத் தடைகளைப் போடுபவர்கள் 'ஒன்ஸ்' என்ற குறியையும் சேர்த்துப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ஒரு முறை பார்த்த விளம்பரம், காட்சியைத் திருப்பிப் பார்க்கும்போது மறுபடி வராது. அழுகைக் காட்சியை இரண்டு முறை பார்க்க விரும்புகிறவரிடம் இரண்டு முறை கட்டணம் வசூலிப்பது போன்ற செயலை எந்த அறிக்கையிலும் வருவாய் வளர்ச்சி என்று எழுதக் கூடாது.

சட்டமும் ஓரமாக நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகள் மணிக்கு 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு எல்லை வைத்திருக்கின்றன. அது சேனல்களுக்கானது. ஆனால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டுதல்கள் செயலிகளுக்கும் பொருந்தும். 13 வகைகளை அது பட்டியலிடுகிறது. மூடும் குறியை அழுத்தினால் இன்னொரு விளம்பரம் திறப்பதை அதில் உதாரணமாகவே சொல்லியிருக்கிறார்கள். 'தவிர்' பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாத நிறத்தில் வைக்கச் சொல்லும் கூட்டங்களில் இந்த ஆவணத்தை மேசைமேல் வைத்துவிடுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

சிறு கோளாறுகள் சில உண்டு. இடைவேளை 30 வினாடி, விளம்பரம் 28 வினாடி என்றால், நேரலையில் கடைசி 2 வினாடிக்கு டிவி விளம்பரத்தின் வால் எட்டிப்பார்க்கும். விளம்பரம் நீண்டுவிட்டால் வெட்டுவதற்கு 'பிளேஅவுட் லிமிட்' இருக்கிறது. இடைச்செருகலின் நேரம் நாள், மணியோடு எழுதப்படுவதால், இரவு 8 மணி இந்திய நேரத்தை உலகப் பொது நேரம் என்று தவறாகக் குறித்துவிட்டால் விளம்பரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி விழும். அதாவது வரவே வராது. பார்வையாளர்கள் மகிழ்ச்சியாக இருப்பதால் யாரும் புகார் செய்வதில்லை, கணக்குப் பிரிவினர்தாம் கண்டுபிடிப்பார்கள். ஒளிபரப்பில் இடைவேளையை அறிவிக்கும் எஸ்சிடிஇ-35 சைகை, வினாடிக்கு 90,000 துடிப்புள்ள 33 பிட் கடிகாரத்தை நம்பியிருக்கிறது. சுமார் இருபத்தாறரை மணி நேரத்துக்கு ஒரு முறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 24 மணி நேரச் சேனலை ஒரே ஒரு நாள் ஓட்டிச் சோதித்தால் இது சிக்காமலே போகலாம். விளம்பரம் இறங்கவில்லை என்றால் சுழலும் வட்டத்தைக் காட்டாமல் நாடகத்துக்கே திரும்பிவிட வேண்டும். இதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கக் கூடாது, ஆனால் இருக்கிறது.

பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். செயலிக்குப் புகார் எழுதும்போது 'வீடியோ சரியில்லை' என்று எழுதினால் அது இணைய வேகப் புகார்களின் குவியலில் சேர்ந்துவிடும். எந்த நாடகம், எத்தனையாவது எபிசோட், பட்டையில் எந்த நிமிடம், போனா டிவியா, விளம்பரத்துக்கு முன்பா பின்பா, இவற்றை எழுதுங்கள். விளம்பரத்துக்குப் பின் பட்டையைச் சற்றுப் பின்னே இழுத்தால் விட்டுப்போன காட்சி தெரிகிறதா என்றும் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். காட்சி அங்கே இருக்கிறது, பிளேயர்தான் தாண்டிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியம் எங்களுக்குக் கிடைப்பதில்லை. கீழ்வீட்டு அம்மாள் அப்படித்தான் எழுதினார், தமிழிலேயே.