அவதார்: கடல் தாண்டிப் போய்த் திரும்பி வந்த சொல்

செகண்ட் லைஃப் என்ற, இணையம் வழியாகக் கணினித் திரையில் நுழையும் மெய்நிகர் உலகத்துக்குள் போய், கட்டிப் பழக அனுமதி உள்ள ஒரு இடத்தில் நின்று, ஒரு பெட்டியை உருவாக்கிப் பாருங்கள். அரை மீட்டர் அளவில், ரேகை ஓடிய ப்ளைவுட் பலகை போல ஒரு பெட்டி உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதற்குள் புதிய ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது பொருளை இயக்கும் சின்ன நிரல் ஒன்றை, போட்டால், நீங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமலே, அந்தப் பெட்டி பேசும். "ஹலோ, அவதார்!" என்று கூப்பிடும். நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது மற்ற எல்லாம் மறந்துபோய் அந்தக் கூப்பாடு மட்டும் மனதில் நின்றுவிட்டது. கோயிலில் கதை கேட்டு வளர்ந்த காதுக்கு அது சாதாரணச் சொல் இல்லை.

இந்த உலகங்களைப் பற்றித் தமிழில் பேச ஆரம்பித்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான்: அங்கே நமக்காக நடமாடும் உடம்பான அவதாருக்குத் தமிழில் என்ன சொல்வது? "அது நம்ம சொல்தானே, அப்படியே வைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு பதிலும் உடனே வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைப் பார்க்க அந்தச் சொல் எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் போய் வந்தது என்று கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வடமொழியில் 'அவ' என்றால் கீழே. அதோடு சேர்ந்திருக்கும் வினையடி 'த்ரூ'. கடத்தல் என்று பொருள். இரண்டும் சேர்ந்தால் கீழே கடந்து வருதல், அதாவது இறங்கி வருதல். இதே வினையடியில் பிறந்ததுதான் தீர்த்தம். முதலில் அதற்கு ஆற்றைக் கடக்க இறங்கும் துறை என்று பொருள், புனித நீர் என்பதெல்லாம் பிறகு வந்தது. சமணர்களின் தீர்த்தங்கரரும் இதே குடும்பம், பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்துக் கொடுத்தவர். தமிழுக்கு வந்தபோது வழக்கம்போல ஒரு 'ம்' சேர்ந்து அவதாரம் ஆனது, அவதரித்தார் என்று வினையும் கிடைத்தது. இப்போது சினிமாச் செய்தியில் ஒரு நடிகர் படம் இயக்கினால் "இயக்குநர் அவதாரம் எடுத்திருக்கிறார்" என்று எழுதுகிறார்கள் அல்லவா, அந்த அளவுக்கு அது தமிழில் ஊறிப்போய்விட்டது.

ஆனால் இறங்குதல் என்ற பொருளை அப்படியே உயிரோடு வைத்திருப்பது நம் கிராமத்து வழக்குதான். கோயில் கொடை விழாவில் உடுக்கை வேகம் எடுக்கும்போது "சாமி இறங்கிடுச்சு" என்பார்கள், எல்லாம் முடிந்து ஆடியவர் தண்ணீர் கேட்கும்போது "மலையேறிடுச்சு" என்பார்கள். லாகினுக்கும் லாக்அவுட்டுக்கும் இதைவிடப் பொருத்தமாக ஒரு ஜோடிச் சொல்லை யாராலும் செய்து தரமுடியாது என்று நான் நினைக்கிறேன்.

சரி, ஆங்கிலத்துக்கு எப்படிப் போனது? கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கே வந்து வடமொழி படித்தவர்கள் வழியாக, 1784 வாக்கில், திருமாலின் அவதாரங்களைப் பற்றி எழுதும்போது அது ஆங்கில எழுத்தில் ஏறியது. அடுத்த நூற்றாண்டிலேயே ஒரு குணத்தின் முழு வடிவம் என்கிற பொருளும் சேர்ந்துகொண்டது, இன்னாரைக் கருணையின் அவதாரம் என்று நாம் சொல்வது மாதிரி. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் அது பரவியது 1980களில். 1985ல் ரிச்சர்ட் கேரியட் செய்த அல்டிமா வரிசையின் நான்காவது விளையாட்டில் அவதார் என்பது விளையாடுபவர் நல்ல குணங்களைக் கைக்கொண்டு கடைசியில் அடையவேண்டிய ஒரு நிலை. இன்றைய பொருளுக்கு நேராக வந்தது லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1986ல் சோதனைக்கு விட்ட ஹேபிடட். காமடோர் 64 கணினியில், டெலிபோன் லைன் வழியாகப் பல பேர் ஒரே ஊருக்குள் போய் நடமாடிய உலகம் அது. அதைச் செய்த சிப் மார்னிங்ஸ்டாரும் ராண்டி ஃபார்மரும் திரையில் நடமாடும் ஆளுக்கு அவதார் என்று பேர் வைத்தார்கள். ஆட்டுவிப்பவர் வெளியே இருக்கிறார், பொம்மலாட்டத்து நூல் இருக்கவேண்டிய இடத்தில் டெலிபோன் ஒயர் இருக்கிறது, அதன் வழியாக அவர் உள்ளே இறங்குகிறார் என்பதுதான் யோசனை. பிறகு 1992ல் நீல் ஸ்டீவன்சன் எழுதிய ஸ்னோ கிராஷ் நாவல் அந்தச் சொல்லை எல்லோர் வாயிலும் போட்டது. இப்படிப்பட்ட மெய்நிகர் உலகத்தைக் குறிக்கும் மெட்டாவெர்ஸ் என்ற சொல்லும் அந்த நாவலில் பிறந்ததுதான்.

இப்படிச் சுற்றிவிட்டு நம்மிடம் திரும்பி வந்தபோது அது 'ம்' இல்லாமல் அவதார் என்று வந்தது. 2009ல் அந்தப் பேரிலேயே ஒரு ஹாலிவுட் படம் வந்து நம் ஊர்த் தியேட்டர்களில் ஓடியதற்கு அப்புறம் அப்படியே நிலைத்தும் போனது. இன்று சுயவிவரத்தில் வைக்கும் குட்டிப் படத்தையும் அவதார் என்கிறோம், முப்பரிமாண உலகத்தில் நடக்கும் உடம்பையும் அவதார் என்கிறோம். முதலாவதற்கு முகப்படம் என்பது போதும், அதில் எனக்குக் குழப்பமே இல்லை. சிக்கல் இரண்டாவதில்தான்.

அவதாரம் என்ற சொல்லில் கனம் முழுவதும் இறங்கி வருகிறவர் மேல் இருக்கிறது. இராமன் காட்டில் நடந்தால் திருமாலே நடக்கிறார், அந்த உடம்பும் அவரும் வேறில்லை. மெய்நிகர் உலகத்தில் அப்படியா? செகண்ட் லைஃபில் நீங்கள் சாட்டில் எழுதும்போது உங்கள் உரு இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றில் டைப் அடிக்கும், கீபோர்டுச் சத்தம்கூடக் கேட்கும். நீங்கள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டால், கொஞ்ச நேரத்தில் அதன் தலை தானாகத் தொங்கிவிடும், நின்றபடியே தூங்குவது போல. பக்கத்தில் நிற்பவர் அதைப் பார்த்ததும் ஆள் இல்லை என்று புரிந்துகொள்வார். நெட் மெதுவாக இருந்தால் உடம்பே வந்து சேராது, வெறும் புகைமேகம் மட்டும் நிற்கும். ஆரம்ப வருடங்களில் அந்த மேகமும் கிடையாது, உருவின் விவரம் வந்து சேராத எல்லோரும், ஆண்கள் உட்பட, ரூத் என்று பேர் வைக்கப்பட்ட ஒரே பெண் உடம்பில்தான் தெரிந்தார்கள்.

உடம்பு வேறு, உள்ளே இருப்பவர் வேறு என்று இவ்வளவு பச்சையாகத் தெரியும் இடத்தை விளக்க அவதாரத்தைவிடப் பக்கத்தில் ஒரு கதை நம்மிடம் இருக்கிறது, கூடுவிட்டுக் கூடு பாய்தல். சாத்தனூர்ப் பக்கத்தில் மூலன் என்ற இடையன் செத்துக் கிடக்க, அவனைச் சுற்றி அழுத பசுக்களைப் பார்த்து மனம் இரங்கிய சிவயோகி அந்த உடம்புக்குள் புகுந்தார், அவரே திருமூலர் ஆனார் என்பார்கள். சாமியாடியின் உடம்பில் ஏற்கெனவே ஓர் உயிர் இருக்கிறது. மூலன் உடம்பு காலியாகக் கிடந்தது. புதிதாகக் கணக்குத் தொடங்கும்போது தேர்ந்தெடுக்கச் சொல்லி வரிசையாக நிற்கும் உடம்புகளும் அப்படித்தான் நிற்கின்றன.

இங்கே மெய்நிகர் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது தமிழில் சமீபத்தில் அமைந்த சொற்களில் மிக அழகானது. மெய் என்றால் உண்மை என்று எடுத்துக்கொண்டு 'உண்மைக்கு நிகர்' என்று விளக்கம் சொல்வார்கள், சரிதான். ஆனால் மெய்க்கு உடம்பு என்றும் பொருள், மெய்க்காப்பாளன், மெய்சிலிர்ப்பு எல்லாம் அப்படி வந்தவை. அப்படிப் பார்த்தால் மெய்நிகர் உலகம் என்பது உடம்புக்கு நிகரான ஒன்றோடு நாம் நடமாடும் உலகமும் ஆகிறது. மூன்றாவதாக மெய்யெழுத்து. புள்ளி வைத்த எழுத்து தனியே கிடக்கும், உயிர் சேர்ந்தால்தான் புள்ளி போய் முழு ஓசை வரும். தலை தொங்கி நிற்கும் அந்த உருவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புள்ளி வைத்த மெய்தான் ஞாபகம் வரும். (மெய்நிகர் உண்மை என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். மெய்யிலேயே உண்மை இருக்கிறது, மறுபடி ஓர் உண்மை எதற்கு.)

இனி அவதாருக்கு நேர்ச்சொல். தனித்தமிழ் எழுதுபவர்கள் அவதாரத்துக்குத் தோற்றரவு என்பார்கள். தேற்று என்பதிலிருந்து தேற்றரவு வந்தது போலத் தோற்று என்பதிலிருந்து தோற்றரவு. தேற்றரவாளன் என்று பைபிளில் படித்துப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை, கடவுளின் அவதாரத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் "என் தோற்றரவுக்குப் புது முடி வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது. பாவை என்று ஒரு யோசனை சொல்வார்கள். பொம்மலாட்டத்தோடு சேரும் நல்ல சொல்தான், ஆனால் இன்றைக்குப் பாவை என்றால் பெண் என்றே மனது போகிறது. உருவம் என்றால் சிலை மாதிரி அசையாமல் நிற்கிறது.

என் முடிவு புனையுரு. புனைபெயர் நமக்கெல்லாம் தெரிந்த சொல். எழுதுகிறவர் தனக்குத் தானே செய்து வைத்துக்கொள்ளும் பெயர், அதில் ஏமாற்று வேலை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. மெய்நிகர் உலகத்தில் ஒருவர் முதலில் செய்வது ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பது, அடுத்தது ஓர் உடம்பைத் தேர்ந்தெடுத்து அதை இழுத்துக் குறுக்கி, நிறம் மாற்றி, உடுப்பு மாட்டுவது. முதலாவது புனைபெயர் என்றால் இரண்டாவது புனையுரு. புனை என்ற வினைக்கு அலங்கரித்தல், செய்தல், கற்பனையாகக் கட்டுதல் என்று மூன்று பொருளும் உண்டு, உள்ளே போகிறவர்கள் மூன்றையும்தான் செய்கிறார்கள். பேச்சில் நீளமாக இருந்தால் வெறும் உரு என்றாலே போதும். உருவை மாற்றினேன், உரு தயாராக இல்லை, உன் உரு கதவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, எங்கே வைத்தாலும் உட்கார்கிறது. அவதாரத்தைக் கடவுளுக்கே விட்டுவிடலாம். பேச்சில் அவதார் என்று சொல்பவர்களைத் திருத்தவும் நான் போகமாட்டேன், ஆனால் எழுதும்போது நமக்குச் சொல் இருக்கிறது.

சொல்லைப் பற்றிப் பேசும்போதே கூட வரும் மற்ற கேள்விகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். இது விளையாட்டா? இல்லை. ஜெயிக்கவேண்டிய ஒன்று அங்கே வைக்கப்படவில்லை. பிலிப் ரோஸ்டேலின் லிண்டன் லேப் கம்பெனி 2003 ஜூன் 23 அன்று செகண்ட் லைஃபைத் திறந்தபோதே உள்ளே வருபவர்களுக்கு விளையாட்டுக்காரர் என்றோ பயனர் என்றோ பேர் வைக்கவில்லை, ரெசிடென்ட் என்றுதான் அழைத்தது. அதைத் தமிழில் குடியிருப்பவர் என்று நீட்டவேண்டாம், குடி என்ற சின்னச் சொல்லே போதும். குடி, குடிகள். பயனர் உபயோகித்துவிட்டுப் போகிறவர், குடி அங்கே இருப்பவர். காசு கட்டவேண்டுமா? கணக்கு இலவசம், சொந்த நிலமோ மற்றவர் விற்கும் பொருளோ வேண்டுமென்றால்தான் பணம். சாவு உண்டா? சண்டைக்கு என்று விட்ட இடங்களில் அடிபட்டு உயிர் தீர்ந்தால் உரு தன் வீட்டுக்குத் திரும்பப் போய் நிற்கும், அவ்வளவுதான்.

நான் செய்தது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விதான் இதில் பெரியது. அங்கே உள்ள வீடு, செருப்பு, மரம், நாற்காலி எல்லாம் பெரும்பாலும் குடிகள் செய்தவை. பெட்டி, உருளை, கோளம் போன்ற சில அடிப்படை வடிவங்களைப் பிரிம் என்கிறார்கள், நம் செங்கல் மாதிரி, அவற்றை வெட்டித் திருகிக் கோத்துத்தான் ஆரம்ப காலத்து ஊர்கள் எழுந்தன. 2011ல் வேறு மென்பொருளில் செய்த மெஷ் என்ற முப்பரிமாண வடிவங்களை உள்ளே கொண்டுவரும் வசதி வந்தது. 2003 நவம்பரிலேயே, செய்தவருக்கே தன் படைப்பின் அறிவுசார் உரிமை என்று லிண்டன் லேப் அறிவித்துவிட்டது. அன்றைக்கு இப்படிப்பட்ட உலகங்களில் பெரும்பாலும் எல்லாமே கம்பெனிக்குத்தான் சொந்தம் என்றிருந்த நிலையில் அது சின்ன விஷயம் இல்லை. செய்த பொருளைக் கொடுக்கும்போது வாங்குபவர் நகல் எடுக்கலாமா, மாற்றலாமா, இன்னொருவருக்குத் தரலாமா என்று தனித்தனியாகக் குறித்துக் கொடுக்கவும் முடியும். கைத்தொழில் செய்கிறவருக்கு ஊரில் கிடைக்காத வசதி இது.

இன்னொரு சொல் அங்கே நாள் முழுக்கக் காதில் விழும்: ரெஸ். இருப்பில் உள்ள நாற்காலியை எடுத்துத் தரையில் போட்டால் ரெஸ் பண்ணிவிட்டேன் என்பார்கள். 1982ல் வந்த ட்ரான் படத்திலிருந்து வந்த வழக்கு, ரெசல்யூஷன் என்பதன் தலை மட்டும். இதற்குப் புதுச்சொல் தேடத் தேவையே இல்லை, 'எடுத்துப் போடு' என்றால் எல்லோருக்கும் புரியும்.

புனையுரு என்ற சொல் தாங்குமா என்று எனக்கு நானே சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு ஜோடி தங்கள் திருமண வரவேற்பை மெட்டாவெர்ஸில் நடத்தினார்கள். மணப்பெண்ணின் அப்பா இறந்துவிட்டிருந்தார், அவரை அப்படியே வடித்து அங்கே நிறுத்தினார்கள், விருந்தினரை வாழ்த்தும்படி. அவருடைய அவதார் வந்தது என்று செய்திகளில் எழுதினார்கள். ஆனால் இறங்கி வர அங்கே யாரும் இல்லை. அவதாரம் என்ற சொல் பொருந்தாத இடம் அதுதான். அதே சமயம் புனையுரு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை, அவர் தனக்காகப் புனைந்துகொண்டது இல்லையே. அப்பாவின் உரு என்றுதான் எழுத முடிந்தது. அந்தச் சின்னச் சொல் அந்த இடத்தையும் தாங்கிக்கொண்டது.

அப்புறம் அந்த ப்ளைவுட் பெட்டி. அதன் ஸ்கிரிப்ட்டைத் திறந்து மேற்கோளுக்குள் இருக்கும் இரண்டு சொல்லை அழித்துவிட்டுத் தமிழில் எழுதலாம், அந்த மொழி யூனிகோடை ஏற்கும். நான் "வா, உருவே" என்று போட்டு வைத்திருக்கிறேன்.