முகம் அதே, ஆள் மட்டும் வேறா?

டான் சீகல் இயக்கி 1956-இல் வெளிவந்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ படத்தில், சாண்டா மிரா என்னும் கற்பனையூரில் வாழும் வில்மா, தன் மாமா ஐரா உண்மையில் அவரே அல்ல என்று மருத்துவரிடம் முறையிடுகிறாள். கழுத்துத் தழும்பு, குரல், பழைய நினைவுகள் எல்லாம் அப்படியே இருந்தும், தன்னைப் பார்க்கையில் அவர் கண்களில் தோன்றும் வாஞ்சை காணாமற்போய்விட்டது என்கிறாள். விண்வெளி விதைக்காய்களில் விளைந்த உணர்ச்சியற்ற நகல்கள் மனிதர்களின் இடத்தைப் பிடிப்பதுதான் கதை. நிஜத்திலும் யாருக்கேனும் இப்படித் தோன்றுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தோன்றும். கணவரும் பிள்ளைகளும் போலிகளாக மாற்றப்பட்டுவிட்டார்கள் என்று நம்பிய ஒரு பெண்ணைப் பற்றி 1923-இல் ஜோசப் காப்கிரா என்னும் பிரெஞ்சு மனநல மருத்துவர் தம் சகாவுடன் சேர்ந்து எழுதினார். அவர் பெயராலேயே இது காப்கிரா மருட்சி எனப்படுகிறது. மனச்சிதைவு, மறதிநோய், தலைக்காயம் ஆகியவற்றோடு இது வரக்கூடும். இதைப் பேய்க்கோளாறு என்று கருதி மந்திரிக்க அழைத்துச் செல்வது சிகிச்சைக்குரிய காலத்தை வீணாக்கும் செயல் என்பதே என் கருத்து.

இதன் பொறியமைவுதான் அழகு. முகத்தைக் கண்டதும் மூளையில் காதுக்கருகே உள்ள பொட்டு மடலின் அடிப்பகுதி அது யாருடையது என்று கண்டறிய, வேறொரு பாதை உணர்ச்சி மையங்களைத் தூண்டுகிறது. நெருங்கியவரைக் கண்டால், நாம் அறியாமலேயே உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகள் சற்றே விழித்துக்கொள்கின்றன; உப்பு கலந்த அந்த ஈரத்தால் தோலின் மின்கடத்துதிறன் ஓரிரு நொடிகளில் கூடுவதை, விரல்களில் பொருத்திய இரு மின்வாய்களால் அளந்துவிடலாம். எந்த முகத்தையும் அடையாளம் காண இயலாத ஒரு நோயாளியிடம் உளவியலாளர் ரஸ்ஸல் பாவர் 1984-இல் இதைச் சோதித்தபோது, சரியான பெயர் உச்சரிக்கப்பட்டதும், வாய் ‘தெரியாது’ என்று சொன்ன முகத்துக்குத் தோல் மறுமொழி தந்தது. காப்கிரா நோயாளிகளிடம் இது தலைகீழாக இருக்கும் என்று உளவியலாளர்கள் எல்லிஸும் யங்கும் 1990-இல் ஊகித்தனர்; பின்னர் நடந்த சோதனைகளில், அறிந்த முகத்துக்கும் அறியாத முகத்துக்கும் அவர்களது தோல் வேறுபாடு காட்டவில்லை. முகம் ‘அம்மா’ என்கிறது, உடலோ அசையவில்லை. அந்த வெறுமை தன் நரம்புகளில் இருப்பதை உணராத நோயாளி, அதை எதிரே நிற்பவரின் குறையாகவே காண்கிறார்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், ஹர்ஸ்டீனுடன் சேர்ந்து 1997-இல் ஆராய்ந்த இளைஞர், நேரில் போலி என்று ஒதுக்கிய பெற்றோரைத் தொலைபேசியில் உடனே ஏற்றுக்கொண்டார். செவியிலிருந்து உணர்ச்சி மையத்துக்குச் செல்லும் பாதை தனியானது. அது சேதமடையவில்லை என்பது அவர்களின் விளக்கம்.

ஆயினும் இது முழு விடையன்று. மூளையின் முன்மடலின் அடிப்பகுதி சிதைந்த சிலருக்கும் பழகிய முகங்களைக் கண்டு தோல் மறுமொழி தருவதில்லை. அவர்கள் எவரையும் போலி என்று சொல்வதுமில்லை. பொருந்தாத நம்பிக்கையைச் சரிபார்த்துத் தள்ளும் திறனும் சேர்ந்து பழுதானால்தான் மருட்சி நிலைக்கும் என்று கருதும் மாக்ஸ் கோல்ட்ஹார்ட் போன்ற ஆய்வாளர்கள், அந்தப் பழுதை வலப்புற முன்மடலில் தேடுகிறார்கள்.