போனில் தெரியும் வைஃபை கிண்டிலில் தெரியாதது ஏன்?

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஆடிக் காற்றில் மரம் சாய்ந்து, கரண்ட் போய்த் திரும்பிய பிறகு இது நடக்கும். ரவுட்டரில் விளக்குகள் சரியாக இருக்கும், போனில் நெட் ஓடும், கிண்டிலில் (அமேசானின் மின்நூல் கருவி) மட்டும் வீட்டு வைஃபையின் பெயரே வராது. பழி பனிமூட்டத்தின் மேல் விழும். அநியாயம்! மூட்டத்தின் நீர்த்துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். பழைய கிண்டில் பிடிக்கும் வைஃபை அலையின் நீளமோ 12 சென்டிமீட்டருக்கு மேல். வீட்டுக்குள் மூட்டம் ஒரு தடையே அல்ல.

பார்க்க வேண்டியது சேனலை. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல்கள், அதாவது உட்பிரிவுகள், உண்டு. அமெரிக்காவில் 11 வரைதான் வழக்கம் என்பதால், பழைய மின்நூல் கருவிகள் பல 12, 13-ஐத் தேடுவதே இல்லை. ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்தால் கரண்ட் வந்ததும் நெரிசல் குறைந்த சேனலைத் தானே பிடிக்கும். அது 13 ஆகிவிட்டால் போன் பார்க்கும், கிண்டில் பார்க்காது.

போன் பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறங்கள் (வேறு எண் என்றால் ரவுட்டரின் அடி ஸ்டிக்கரில் இருக்கும்). வயர்லெஸ் பகுதியில் 2.4 சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றிச் சேமியுங்கள். சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. சிக்னலின் அகலமோ 20. இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்றிருந்தால், பழைய கருவிக்குத் தெரிந்த டபிள்யூபிஏ2-வுக்கு மாற்றுங்கள். பழைய கிண்டில்களுக்கு வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸ் கேட்காது. போன் ஹாட்ஸ்பாட்டையும் 2.4-இல்தான் வைக்க வேண்டும்.

பெயர் தெரிந்தும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால், ரவுட்டர் இருக்கும் அறையிலேயே வைத்துப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் குற்றவாளி சுவர்தான். பழைய பங்களாக்களின் கனத்த கருங்கல் சுவர் அலையை விழுங்கும், மழையில் ஊறினால் இன்னும் அதிகமாக. தகரக் கூரையும் தகரத் தடுப்பும் திருப்பியே அனுப்பிவிடும்.

இணைப்பு இருந்தும் புத்தகம் இறங்காவிட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி முழுக்கத் தீர்ந்த கருவியில் தேதி பழைய வருடத்துக்குப் போயிருக்கலாம். தான் உண்மையானதுதான் என்று சர்வர் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி அந்த இடைவெளிக்கு வெளியே போனால் கருவி அதை நம்பாது. செட்டிங்ஸில் நேரத்தைக் கையால் திருத்தினால் போதும். ஊட்டியின் மார்கழிக் குளிரும் கவனிக்க வேண்டியதே. குளிரில் லித்தியம் பேட்டரியின் உள்மின்தடை ஏறும். வைஃபை ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். சார்ஜ் குறைவாகவும் இருந்தால் கருவி திடீரென்று அணையக்கூடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் சார்ஜ் போடுங்கள். கணப்படுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

விடுதி வைஃபை வேறு கதை. அங்கே போன் எண்ணும் ஓடிபியும் கேட்கும் பக்கம் தானாக வராவிட்டால், கிண்டிலின் பிரவுசரில் ஏதாவது ஒரு முகவரியைத் திறந்தால் வரும். இதற்கும் அசையாவிட்டால் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்து (கருவியின் நினைவிலிருந்து நீக்கி), பவர் பட்டனை 40 விநாடி அழுத்திப் பிடித்து ரீஸ்டார்ட் ஆனபின் பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறக் கூடாது.