ஸ்பூலர்: தறியிலிருந்து வந்த சொல்

பல கணினிகளின் அச்சு வேலைகளை வாங்கி அச்சுப்பொறிக்கு அனுப்பும் அச்சு சர்வரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் நாளில் அதிகம் காதில் விழும் சொல் ஸ்பூலர். ‘ஸ்பூலரில் நிற்கிறது’, ‘ஸ்பூலரை நிறுத்தித் திரும்பப் போடு’ என்று சொல்லிக்கொண்டே இருப்போம். அதற்கு என்ன பொருள் என்று தெரிந்தால் கோளாறு எங்கே என்பதும் பாதி தெரிந்துவிடும்.

ஸ்பூல் என்ற ஆங்கிலச் சொல் நெசவிலிருந்து வந்தது. நூலைச் சுற்றிவைக்கும் கட்டைக்கு அந்தப் பெயர். ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதே வேரில் சொற்கள் உண்டு. கணினிக்கு இது காந்த நாடாக் காலத்தில் வந்தது. 1959இல் ஐபிஎம் வெளியிட்ட 1403 அச்சுப்பொறி நிமிடத்துக்கு 600 வரி அடித்தது. அன்றைக்கு அது பெரிய வேகம். ஆனாலும் கணினியின் வேகத்துக்கு ஈடில்லை. அதனால் முடிவுகளை நாடாவில் எழுதிவைத்து, பிறகு அதிலிருந்து அச்சடித்தார்கள். ஸ்பூல் என்ற எழுத்துகளுக்கு ஒரு நீளமான விரிவும் சொல்வதுண்டு. அது பிறகு பொருத்திய விரிவு என்பதே பலருடைய கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஆக, ஸ்பூலர் செய்யும் வேலை இரண்டு: வேகமாக வருவதை வாங்கி வைப்பது, மெதுவாக இயங்கும் கருவிக்கு அதன் போக்கில் விடுவது. விண்டோஸில் அப்படி வாங்கி வைக்கும் இடம் சிஸ்டம்32க்குள் இருக்கும் ஸ்பூல் கோப்புறையின் பிரின்டர்ஸ். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என இரண்டு கோப்புகள் இருக்கும். லினக்ஸில் கப்ஸ் (CUPS) என்ற அச்சு மென்பொருளைப் பயன்படுத்தினால் வார் (var) கோப்புறையில் ஸ்பூல், அதனுள் கப்ஸ். அங்கே சி என்று தொடங்கும் கோப்பில் வேலையின் விவரமும் டி என்று தொடங்கும் கோப்பில் அச்சிட வேண்டிய தரவும் இருக்கும்.

சர்வரை மாற்றியபின் அச்சு வரவில்லையென்றால் நான் முதலில் பார்ப்பது இந்தக் கோப்புறையைத்தான். டி கோப்பே வரவில்லையா? வேலை பயனரின் கணினியிலேயே நிற்கிறது. அவர் பக்கமும் ஒரு ஸ்பூலர் இருப்பதை மறந்துவிடக் கூடாது. கப்ஸ் வேலைகளை வாங்கும் பிணைய வாசலான 631ஆம் போர்ட் அடைபட்டிருக்கலாம், அல்லது அவர் அச்சுப்பொறியின் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸில் இடைவெளி விட்டு வைத்த பெயரைக் கப்ஸ் ஏற்காது.

கோப்பு வந்தும் தாளில் குப்பை விழுகிறதா? அந்தத் தாளை உடனே கசக்கிப் போடாமல் முதல் வரியைப் படியுங்கள். சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, அடுத்து பி, எஸ் என்று இருந்தால், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழி புரியாத அச்சுப்பொறிக்கு அதை அப்படியே அனுப்பியிருக்கிறோம். ஸ்பூலர் வாங்கியதைப் பத்திரமாகத்தான் விட்டிருக்கிறது. டிரைவர் பொருத்தம்தான் தப்பு.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுருளி என்று எழுதுபவர்கள் உண்டு. அது வடிவத்தைச் சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. அச்சு வரிசை என்பதும் வேறு. வரிசை என்றால் யார் முன்னே, யார் பின்னே என்பது மட்டும்தான். நெசவுத் தமிழிலேயே நமக்கு ஒரு சொல் இருக்கிறது: தார். குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சியில் சுற்றி, தறியில் நாடா என்று சொல்லும் ஓடத்துக்குள் வைப்பார்களே, அதுதான். சுற்றும்போது ஒரு வேகம், தறி ஓடும்போது தறியின் வேகத்துக்கு அவிழும். ஸ்பூல் செய்வது அச்சு அசலாக இதுவே. சாலையில் ஊற்றும் தாரோடும் வாழைத்தாரோடும் குழம்பாமல் இருக்க அச்சுத்தார் என்று சேர்த்துச் சொல்லலாம். ஸ்பூலருக்கு அச்சுத்தார் சேவை. சிக்கல் என்ற சொல்லும் சிக்கிய நூலிலிருந்து வந்ததுதானே. ‘அச்சுத்தாரில் சிக்கல்’ என்றால் இரண்டு சொல்லும் ஒரே தறியில் பொருந்தி நிற்கின்றன. பயனர் கையேடு எழுதும்போது முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே ஸ்பூலர் என்றும் போட்டுவிடுகிறேன், திரையில் அந்தப் பெயரைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.