லினன் துணியில் காவி எப்படி நிற்கிறது?

வாசல் கோலத்தைச் சுற்றி இழுத்த செம்மண் பட்டை ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் பாறைமேல் செங்காவியில் தீட்டிய உருவங்கள் இன்னும் தெரிகின்றன. இரண்டுக்கும் நிறம் தருவது இரும்பு ஆக்சைடுதான். பாறையில் பொடி கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிட்டது. கசியும் நீர் விட்டுப்போன கனிமப் படலம் பல இடங்களில் அதை மூடியும் காக்கிறது. முக்கியமாக, பாறையை யாரும் துவைப்பதில்லை.

சட்டையில் அதே உருவங்களைத் தீட்டும்போது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காவி சாயம் அல்ல. சாயம் நாருக்குள் போகும். காவி தண்ணீரில் கரையாத கல்பொடி. நாரின்மேல் உட்காரும், அவ்வளவுதான். அதைப் பிடித்து வைக்கப் பசை வேண்டும், பசை நாரைத் தொட வேண்டும்.

லினன் என்பது ஆளிச்செடியின் தண்டு நார். மெழுகும், பெக்டின் என்ற செடிப் பசையும் ஒட்டிய புதுத் துணியில் தண்ணீர்ச் சொட்டு முத்துப்போல் நிற்கும். அவற்றை நீக்க, 1 கிலோ துணிக்கு 20 லிட்டர் தண்ணீர், 40 கிராம் சலவை சோடா, கொஞ்சம் சோப்புத்தூள். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரம். தண்ணீர் தேநீர் நிறமாகும். அலசிக் காயவைத்தபின் சொட்டு விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும். இல்லையென்றால் இன்னொரு முறை. துணி சுருங்குவதும் இப்போதே முடிந்துவிடும், அதனால் வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்வது நல்லது.

நிறத்துக்கு ஆரோவில் பக்கத்துச் செம்மண் போதும். கடலூர் மணற்கல் என்று நிலவியலில் சொல்லப்படும் பாறைப்படிவம் சிதைந்து வந்த மண் அது. ஆனால் அதில் மணல் அதிகம். மண்ணை வாளித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, மேல்நீரை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். மணல் அடியில் தங்கும். நைஸான சிவப்பு மேல்நீரோடு வரும். ஓர் இரவு படியவிட்டு, தெளிந்த நீரைக் கொட்டி, மூன்று முறை புதுத் தண்ணீர் மாற்றினால் உப்பும் போகும். பொடியில் மணல் கலந்துவிட்டால் ஒவ்வொரு துவையலிலும் உப்புத்தாள்போலத் தன் பசையையே அறுக்கும். கடையில் வாங்கும் காவிப்பொடியில் சாயம் கலந்திருக்கலாம். கரைசலில் ஒரு சொட்டை டிஷ்யூ தாளில் விடுங்கள்: சிவப்பு வளையம் விரிந்துகொண்டே போனால் அது சாயம். மஞ்சள் காவி கிடைத்தால் இரும்புச் சட்டியில் வறுத்துப் பார்க்கலாம். 300 டிகிரியை ஒட்டி அதிலுள்ள நீர் வெளியேறி, சிவப்பாக மாறும்.

துணியில் வண்ணத்தை ஒட்டவைக்கும் அக்ரிலிக் பசையான பைண்டர் 100 கிராமுக்கு 15 கிராம் காய்ந்த பொடி. பொடி கூடினால் தேய்த்தால் கையில் வரும். பைண்டர் கூடினால் சட்டை தார்ப்பாய்போல விறைக்கும். சோயா பாலில் குழைப்பவர்களும் உண்டு. துணி மென்மையாக இருக்கும், ஆனால் புரதம் இறுகும்வரை மூன்று நான்கு வாரம் துவைக்காமல் காத்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பால் அன்றைக்கே புளித்தும் விடும்.

லினன் இழை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுவதால் மெல்லிய கோடு தடுக்கித் தடுக்கி நிற்கும். உள்ளே நிறம் நிரப்பிய மான், வரிசையாகக் கைகோத்த மனிதர் போன்ற பாறை ஓவிய வடிவங்கள் இந்தத் துணிக்கு ஒத்துப்போவது அதனால்தான். நுனி மென்ற வேப்பங்குச்சி, பிரஷ்ஷைவிடப் பாறையின் கரட்டு விளிம்பை நன்றாகத் தரும். வடிவத்தைப் பார்த்து வரையப் பாறைக்குப் போகிறவர்கள் நிறம் துலங்கட்டும் என்று ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளிப்பது அநியாயம். அதனால் படலம் கெடும்.

ஆளி நார் 2, 3 சதவீதம் நீண்டாலே அறுந்துவிடும் விறைப்பான நார். மடிப்பு கூர்மையாக விழுந்து, அங்கே வண்ணம் வெடிக்கும். முழங்கை, அக்குள், மடித்து வைக்கும் கோடு ஆகிய இடங்களை விட்டு முதுகிலும் கீழ்விளிம்பிலும் தீட்டலாம்.

24 மணி நேரம் காய்ந்தபின், மேலே பருத்தித் துணி விரித்து, சுமார் 150 டிகிரியில் இடத்துக்கு 4 நிமிடம் இஸ்திரி. ஐப்பசி, கார்த்திகை மழைக் காற்றில் பைண்டர் பிசுபிசுப்பாகவே கிடக்கும். இரண்டு நாள் கூடுதலாகக் காயவிடாமல் சூடு வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே ஈரம் சிக்கிக் கொப்பளிக்கும். ஒரு வாரம் கழித்து ஈரமான வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். லேசான இளஞ்சிவப்பு பரவாயில்லை. செங்கல் நிறம் வந்தால் பைண்டர் போதவில்லை. நீர்த்த பைண்டரை மேலே ஒரு பூச்சு பூசி, மறுபடி சூடு காட்ட வேண்டும்.