குப்பை உரம் போடும் முன் மண் வள அட்டையைப் பாருங்கள்

நகரக் குப்பையில் செய்த கம்போஸ்ட் உரத்தையோ, கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக் கசடையோ வயலில் இறக்கும் முன், வீட்டில் மடித்து வைத்திருக்கும் மண் வள அட்டையை எடுத்துப் பாருங்கள். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும். துத்தநாகமும் தாமிரமும் அதில் உண்டு. ஆனால் அவை பயிருக்குச் சத்துப் போதுமா என்று சொல்வதற்காக. இந்த உரத்தோடும் கசடோடும் வரக்கூடிய காட்மியம், ஈயம், நிக்கல் போன்ற நச்சுக் கன உலோகங்கள் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இருந்தாலும் அட்டை உதவும். மண்ணில் கிடக்கும் உலோகம் முழுவதையும் வேர் உறிஞ்சுவதில்லை. எவ்வளவு உறிஞ்சும் என்பது மண்ணின் குணத்தைப் பொறுத்தது. அதைக் காட்டும் இரண்டு வரிகள் அட்டையில் உள்ளன: கார அமில நிலை (pH), அங்ககக் கரிமம் (மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்று காட்டுவது).

மதுரை மாவட்டத்தில் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் களி அதிகம், காரத்தன்மையும் உண்டு. அந்த மண் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலூர்ப் பக்கம் மணல் கலந்த செம்மண்ணில் அதே உரத்தை அதே அளவு போட்டாலும் பிடிப்பு குறைவு. கார அமில நிலை 6-க்குக் கீழே இறங்கி மண் அமிலமாகிவிட்டால் காட்மியம் எளிதாகக் கரைந்து கீரைக்குள் ஏறும். கீரை பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனக்குப் பெரிய பயமே அதுதான். கரிசல்காரர்களும் அசந்துவிட வேண்டாம், ஆர்செனிக் என்ற நச்சு கார மண்ணில்தான் அதிகம் நகரும். மண்ணில் மக்கிய பொருளும் உலோகத்தைப் பிடித்து வைக்கும்; ஆனால் அது நாளடைவில் கரைந்து போகும், அது பிடித்து வைத்திருந்த உலோகம் போகாது.

1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, நகரக் கம்போஸ்ட் ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், நிக்கல் 50, குரோமியம் 50, ஈயம் 100-க்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரம்பு கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் ஒன்றே. ஆகவே உரம் வரம்புக்குள் இருக்கிறது என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கி, உங்கள் அட்டையோடு சேர்த்துப் படியுங்கள். மூட்டையில்லாமல் டிராக்டரில் வந்து கொட்டும் கசடுக்கு அறிக்கை இல்லையென்றால் வயலுக்குள் விடாதீர்கள்.

அட்டை இல்லாதவர்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். மாதிரிக்கு மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, இரு பக்கச் சரிவிலிருந்தும் மண்ணைச் சுரண்டி எடுங்கள். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் இப்படி எடுத்துக் கலந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும். வரப்போரமும் எருக்குழியோரமும் வேண்டாம். பல வருடம் கசடு கொட்டிய துண்டு இருந்தால் அதற்குத் தனி மாதிரி எடுத்து, கன உலோக ஆய்வு வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். மற்ற மண்ணோடு கலந்துவிட்டால் அந்தத் துண்டின் நிலை தெரியாமலே போய்விடும்.