முடி கொட்டுகிறதா, மெலிகிறதா?

வாரத்தில் ஒருவராவது என் மேசைமீது ஒரு பிளாஸ்டிக் கவரை வைப்பார். உள்ளே உருண்டையாகச் சுருட்டிய முடி. "டாக்டர், இது மூணே நாள்ல கொட்டினது" என்பார். எண்ணி வைத்திருப்பவர்களும் உண்டு. கவரை ஓரமாக நகர்த்திவிட்டு, "கொஞ்சம் தலையைக் குனியுங்க" என்று சொல்லி வகிட்டைத்தான் முதலில் பார்ப்பேன். கவரில் இருப்பது போய்விட்ட முடி. தலையில் மிச்சம் இருப்பது எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் வைத்தியம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும், அப்புறம் மூன்று மாதம் போலச் சும்மா இருக்கும், பிறகு விழும். அதே வேரிலிருந்து அடுத்தது முளைக்கும். அதனால் தினம் 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அந்த வாரத்துப் பாக்கி முழுக்க ஒரே நாளில் வந்து குளியலறைச் சல்லடையை அடைக்கும். அதைப் பார்த்துப் பயந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குளிக்கத் தொடங்குவார்கள். அப்போது பாக்கி இரட்டிப்பாகும், பயமும்தான்.

கொத்துக் கொத்தாகக் கொட்டுவது ஒரு வியாதி, முடி மெலிந்துபோவது இன்னொரு வியாதி. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பணம் வீணாகிறது.

டெங்கு, டைபாய்டு, பிரசவம், பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து பத்து கிலோ குறைத்தது... இப்படி உடம்பு ஒரு அடி வாங்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிந்து அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் காய்ச்சல் வந்ததே மறந்திருக்கும். பழி, போன வாரம் மாற்றிய ஷாம்பு மீதோ போர் தண்ணீர் மீதோ விழும். (உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். வேரோடு பிடுங்காது.) இந்த வகைக் கொட்டலில் வேருக்குச் சேதமில்லை. காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கும். அந்தச் சமயத்தில் எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும்.

மெலிவது அப்படி அல்ல. சத்தமில்லாமல் நடக்கும். "முடியே கொட்டல டாக்டர், ஆனா சடை மட்டும் எலிவால் மாதிரி ஆயிடுச்சு" என்று ஒரு பள்ளி ஆசிரியை சொன்னார். நோயை அதைவிடச் சரியாக நானே சொல்லியிருக்க முடியாது. பரம்பரைவாகு உள்ளவர்களுக்கு ஹார்மோன் பாதிப்பால் வேர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கும். வளரும் காலமும் குறையும். நூல்போல இருந்தது கடைசியில் பூனைமயிராகிவிடும். ஆண்களுக்கு நெற்றி ஏறும், உச்சி தெரியும். பெண்களுக்கு முன்நெற்றிக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகும். வாகு அம்மா வழியிலும் வரும், அப்பா வழியிலும் வரும்.

இதைக் கண்டுபிடிக்க முடியை எண்ண வேண்டாம். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், நடு வகிடு எடுத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டோ எடுத்து வையுங்கள். முன்பு இரண்டு சுற்று சுற்றிய ரப்பர் பேண்ட் இப்போது மூன்று சுற்று போகிறதா என்று கவனியுங்கள்.

மெலிவுக்கு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மருந்து மினாக்ஸிடில். முதலில் இது ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-இல் அதற்கு அனுமதி கிடைத்தது. இதைத் தொடங்கிய சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டும். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது கிளம்புகிறது என்று அர்த்தம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் மூன்றாவது வாரமே பாட்டில் குப்பைக்குப் போகும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைதான். முடியில் தடவிப் பயனில்லை, மண்டைத்தோலில் படவேண்டும். நெற்றியில் வழியவிட்டால் அங்கும் முளைக்கும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது. ஃபினாஸ்டரைடு மாத்திரை ஆண்களுக்கு. அதையும் மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள்.

பெண்களிடம் நான் தவறாமல் கேட்பது மாதவிலக்கைப் பற்றி. அதிகமாகப் போகிறதா, தள்ளித் தள்ளி வருகிறதா? முதலாவது இரும்புச்சத்தைக் காலி செய்யும், இரண்டாவது சினைப்பை நீர்க்கட்டியையோ தைராய்டு கோளாறையோ காட்டலாம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "எனக்கு ரத்தம் 12 இருக்கே" என்பார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பில் இரும்பு வற்றியிருக்கலாம், ஃபெரிடின் பரிசோதனையில்தான் அது தெரியும். இரும்பு மாத்திரை போட்டுக்கொண்டே டீ குடித்தால் பாதி சத்து சேராது. எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள்.

முடி என்பதே புரதம். காலையில் இட்லியும் சட்னியும், மதியம் ரசம் சாதம், இரவு தோசை என்று ஓட்டும் வீட்டில் புரதம் எங்கிருந்து வரும்? ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேருங்கள். இன்று எல்லோர் கையிலும் இருக்கும் பயோட்டின் மாத்திரை, அந்தச் சத்துக் குறைவு இருந்தால் ஒழிய முடி வளர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை. அது தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டக்கூடியது. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் பற்றிப் பேசாமல் விட்டால் என் மாமியாரே கோபிப்பார். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் இறங்கி உடைவதைக் குறைக்கும். வளர வைக்காது. பொடுகு உள்ளவர்கள் ராத்திரி முழுக்க ஊறவிட்டால் பொடுகுதான் வளரும். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வரும் என்பதும் கைக்குத் தெரியும் ஏமாற்றுதான். கூரிய நுனி போய், வெட்டிய தடித்த பகுதி மேலே நிற்பதால் சொரசொரவென்று இருக்கும். கத்தி வேர்வரை போவதில்லை. சாமிக்கு அடியுங்கள், அடர்த்திக்காக அடிக்க வேண்டாம். இழுத்து இறுக்கிப் பின்னுவதும், சவுரியும் கனத்த பூச்சரமும் தினமும் தொங்குவதும் நெற்றியோரத்து முடியை நிரந்தரமாகவே அழித்துவிடும்.

மருந்து வேலை செய்யும்வரை பார்வைக்கு அடர்த்தி வேண்டும் என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வகிட்டை இடம் மாற்றி எடுங்கள், நேர்கோடாக இல்லாமல் வளைத்து எடுங்கள். தோள் அளவுக்கு வெட்டினாலே நுனி கனமாகத் தெரியும். கண்டிஷனரை நுனிக்கு மட்டும் போடுங்கள், வேரில் போட்டால் படிந்துவிடும். வகிட்டில் தூவும் ஹேர் ஃபைபர் தூள் கல்யாண வீட்டுக்கு நன்றாகவே கைகொடுக்கும்.

நோய் என்னவென்று பார்க்காமலே ஊசி சிகிச்சைக்கு 'ஆறு சிட்டிங் பேக்கேஜ்' என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை போதுமாயிருந்த ஒருவர், எங்கோ அப்படி ஆறும் முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, முடி போன இடத்தில் எரிச்சலோடு தோல் வழவழப்பாகிவிட்டாலோ தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பாகிவிட்ட இடத்தில் திரும்ப முளைக்காது.

அந்த எலிவால் சடை ஆசிரியை ஏழாம் மாதம் கவலையோடு வந்தார். வகிட்டோரமாகக் குட்டை குட்டையாக முடி நட்டுக்கொண்டு நிற்கிறதாம், எல்லாம் உடைந்துவிட்டதாம், எண்ணெய் போட்டு அழுத்தி வாரியும் படியவில்லையாம். லென்ஸில் காட்டினேன். உடைந்த முடி என்றால் நுனி மழுங்கியிருக்கும். அவருடையது ஒவ்வொன்றும் ஊசிபோலக் கூராக இருந்தது.